12 வோல்ற்றை 6 ஆக்கப் போய்

அப்பாவின் வானொலிப் பெட்டிக்கு நான்கு பெரிய டோர்ச் பற்றரிகள் வேண்டும். ஒன்றுக்கு 1.5 வோல்ற் வீதம் மொத்தம் 6. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது அந்தப் பெட்டிதான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பற்றரியின் விலை ஒரு படி ஏறியிருந்தது. மூலையிலோ, சிறிய சூரியப் பலகையோடு இணைத்த 12 வோல்ற், 7 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று, இரவில் இரண்டு விளக்குகளை எரிப்பதற்காகச் சும்மா உட்கார்ந்திருந்தது. "அதுல இருந்து இதுக்கு ஒரு வயர இழுத்துக் குடேன் தம்பி" என்றார் அப்பா. பதினோராம் தரப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக ஓமின் விதியைக் கற்பித்து வருபவன் என்ற தைரியத்தில், பத்து நிமிட வேலை என்று சொல்லிவிட்டேன். முடிய மூன்று வாரம் பிடித்தது.

நம்முடைய பாடநூல்களில் தடையி என்று பெயர் பெற்ற பொருளைத் தமிழ்நாட்டில் மின்தடை என்பார்கள். அங்கே மின்வெட்டுக்கும் அதே சொல்தான். அந்தக் கணக்கில், மின்தடையைச் சமாளிப்பதற்காக நான் ஹட்டன் டவுனுக்கு மின்தடை வாங்கப் போனேன். கடையில் 'ரெசிஸ்டர்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள் என்பது வேறு விடயம்.

கரும்பலகையில் இந்தச் சுற்று மிக எளிது. இரண்டு தடையிகளை வரிசையாக இணைத்து, மேல் முனையைப் பற்றரியின் நேர் முனையிலும் கீழ் முனையை மறை முனையிலும் கட்டிவிட்டு, நடுச் சந்தியிலிருந்து ஒரு கம்பி எடுத்தால், அங்கே கிடைக்கும் வோல்ற்றளவு இரண்டு தடையிகளின் விகிதத்தைப் பொறுத்தது. கொடுக்கும் வோல்ற்றளவைக் கீழ்த் தடையியால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இரண்டும் சமமானால் சரிபாதி. ஆகவே 1 கிலோ ஓம் தடையிகள் இரண்டை எடுத்து, முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டினேன். பற்றரியில் அப்போது 12.6 வோல்ற் இருந்தது. நடுச் சந்தியில் பல்மானியை (மல்டிமீற்றரை) வைத்தேன், 6.3 என்று காட்டியது. அப்பாவைக் கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டிய பிறகே வானொலியை இணைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வானொலி மூச்சு விடவில்லை. பல்மானியில் 6.3 ஆக இருந்த எண் 1 வோல்ற்றை ஒட்டிய இடத்துக்கு இறங்கி நின்றது. வானொலியைக் கழற்றினால் மறுபடி 6.3. சேர்த்தால் மறுபடி ஒன்று. பெட்டி பழுதாகிவிட்டதோ என்று அப்பா பயந்து, வைத்திருந்த பழைய பற்றரிகளைப் போட்டுப் பார்த்தார். அது நன்றாகவே பாடியது.

என்ன நடந்தது என்பதை விளக்க, தண்ணீர் பிடிக்கும் குழாய்வாயான எங்கள் பீலியைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். லயத்துக்கு, அதாவது எங்கள் தோட்ட வரிசை வீடுகளுக்கு, மேலே மானாப் புல்லுக்கு அப்பால் இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் வழியாகப் பீலிக்குத் தண்ணீர் வருகிறது. அந்தக் குழாய் நெடுகிலும் மிக ஒல்லியானது என்றும், அதன் நடுவழியில் ஒரு துளை போட்டு அங்கே ஒரு அழுத்தமானியைப் பொருத்துகிறோம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மானி தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆகையால் பாதி அழுத்தம் என்று சரியாகச் சொல்லும். அதே துளையில் ஒருவர் பெரிய வாளியை வைத்துத் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினால், மேலிருந்து ஒல்லிக் குழாய் கொண்டுவரக்கூடிய அளவுதான் வரும். அழுத்தம் அந்த இடத்திலேயே படுத்துவிடும். என் மேல் தடையி 1 கிலோ ஓம். நடுச் சந்தியை நேரடியாக மறை முனையோடு தொடுத்துவிட்டாலும் 12.6 வோல்ற்றைக் கொண்டு அதனூடாக 12.6 மில்லி அம்பியருக்கு மேல் ஓடாது. வானொலி எவ்வளவு குடிக்கிறது என்று பிறகு அளந்தேன்: சத்தம் குறைவாக வைத்தால் 30 மில்லி அம்பியர், கூட்டி வைத்தால் 120ஐத் தாண்டும். 13 கூடக் கொடுக்க முடியாதவனிடம் 30 கேட்டிருக்கிறேன்.

கரும்பலகையில் நான் வழக்கமாக எழுதும் சமன்பாட்டில் வானொலி இல்லை என்பதே இதில் எனக்கு உறைத்த விடயம். அது வெறும் சந்தியின் வோல்ற்றளவைக் கூறும் சமன்பாடு. அந்தச் சந்தியிலிருந்து எதுவும் எடுக்கப்படாத வரைக்கும் மட்டுமே உண்மை. எடுக்கத் தொடங்கிய கணத்தில் வானொலி கீழ்த் தடையியோடு சமாந்தரமாக நிற்கும் மூன்றாவது தடையியாகிவிடுகிறது, விகிதம் மாறிவிடுகிறது. 1827இல் தன் விதியை வெளியிட்ட ஓமும் கொலோன் நகரில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர்தான். அவர் மீது குறை ஒன்றும் இல்லை. பரீட்சை வினாவில் வானொலி போன்ற சுமை வராது என்பதற்காக அதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டவன் நான்தான்.

சரி, ஒல்லிக் குழாய்தான் பிரச்சினை என்றால் அதை அகலமாக்குவோம் என்று 22 ஓம் தடையிகள் இரண்டை எடுத்தேன். இப்போது வானொலி 30 மில்லி அம்பியர் எடுத்தாலும் சந்தியின் வோல்ற்றளவு 0.3 அளவே குறையும். கணக்குச் சரி. ஆனால் இணைத்த சில வினாடிகளில் வீடு முழுதும் கருகல் வாசம் பரவியது. இரண்டு தடையிகளும் பழுப்பாகி, பிறகு கறுப்பாகி, நிற வளையங்களே தெரியாமல் போயின. 12.6 வோல்ற் 44 ஓமினூடாக 286 மில்லி அம்பியரை ஓட்டுகிறது; ஒவ்வொரு தடையியிலும் 1.8 வாற்று வெப்பமாகிறது. நான் வாங்கி வந்திருந்ததோ கால் வாற்றுத் தடையிகள். அவை தாங்கக்கூடியதைப் போல் ஏழு மடங்கு. தடையி வாங்கும்போது ஓம் அளவை மட்டும் கேட்டுவிட்டு வாற்றைக் கேட்காமல் வருவது, அரிசி எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பானையின் அளவைப் பார்க்காமல் உலை வைப்பது போன்றது.

வெள்ளைச் சீமெந்து உடம்போடு வரும் 5 வாற்றுத் தடையிகளைத் தேடி வாங்கி அதே சுற்றை மறுபடி கட்டினேன். இம்முறை வானொலி பாடியது. தடையிகள் தொட முடியாத அளவு சூடாகின, ஆனால் எரியவில்லை. அப்பாவுக்குத் திருப்தி. எனக்கு இல்லை, ஏனெனில் பற்றரியிலிருந்து ஏறக்குறைய 300 மில்லி அம்பியர் போய்க்கொண்டிருந்தது, அதில் வானொலிக்குப் போனது பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்கும் சீமெந்துக் கட்டிகளைச் சூடாக்கியது. நுவரெலியாக் குளிரில் கைகாய அது உதவலாம். வானொலியை நிறுத்தி வைத்தாலும் அந்தச் செலவு நிற்காது. 7 அம்பியர் மணிப் பற்றரி ஒரே நாளில் காலியாகிவிடும்.

இந்த இடத்தில் அப்பா ஒரு பழைய கதையைச் சொன்னார். தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில் அவர்கள் கார் பற்றரியைத் தோளில் சுமந்து டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்து வந்து, அதில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பார்த்தார்கள். அன்றைய பற்றரிகளின் மேல்புறத்தில் ஆறு அறைகளையும் இணைக்கும் ஈயப் பாலங்கள் வெளியே தெரியும்படி இருக்கும். ஓர் அறைக்கு ஏறக்குறைய 2 வோல்ற். மூன்றாவது அறையின் பாலத்தில் ஒரு சிறிய ஆணியை அடித்து, மறை முனையிலிருந்து அந்த ஆணி வரைக்கும் கம்பி எடுத்தால் 6 வோல்ற். தடையி இல்லை, சூடு இல்லை, வீண் செலவு இல்லை. "நீங்க படிச்சு என்னத்தக் கண்டீங்க" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருக்க முடியாது. அந்த முறையிலும் ஒரு தீமை உண்டு. மூன்று அறைகள் மட்டும் கூடுதலாக வடிந்து, மற்ற மூன்றும் நிறைந்தே இருக்கும். அப்படியே மறுபடி மறுபடி சார்ஜ் செய்தால் வடிந்த பக்கம் நிறையாமலும் நிறைந்த பக்கம் கொதித்தும் பற்றரி சீக்கிரம் செத்துவிடும். எப்படியும் இன்றைய மூடிய பற்றரியில் ஆணி அடிக்க இடமில்லை. யாரும் முயல வேண்டாம்.

ஒரே தடையியை வரிசையில் வைத்தும் பார்த்தேன். சாதாரணச் சத்தத்தில் 60 மில்லி அம்பியர் என்று கொண்டால், 6.6 வோல்ற்றை விழுத்த 110 ஓம் வேண்டும். கீழ்த் தடையி இல்லாததால் வீண் ஓட்டமும் இல்லை. ஆனால் சத்தத்தைக் குறைத்து 30 மில்லி அம்பியர் ஓடும்போது 3.3 வோல்ற்தான் விழும். 6 வோல்ற் பெட்டிக்கு 9.3 கிடைக்கும். சத்தத்தைக் கூட்டினால் வானொலி கேட்கும் மின்னோட்டத்தைத் தடையி விடாது, வோல்ற்றளவு சரிந்து, சத்தம் விட்டுவிட்டு 'பொட் பொட்' என்று தெறிக்கும். மின்னோட்டம் மாறாமல் இருக்கும் இடத்துக்கே இந்த முறை ஏற்றது. ஒளிகாலும் இருவாயிக்கு (எல்ஈடிக்கு) எல்லோரும் ஒரு தடையியைத் தொடுப்பது அதனால்தான்: 12 வோல்ற்றில் ஒரு வெள்ளை இருவாயியை 10 மில்லி அம்பியரில் எரிக்க, அது 3 வோல்ற்றை எடுத்துக்கொள்ள, மீதி 9 வோல்ற்றுக்கு 900 ஓம், கடையில் கிடைக்கும் 1 கிலோ ஓமைப் போட்டால் போதும். வானொலி அப்படியான அடக்கமான பிராணி அல்ல. ஒவ்வொரு மேளச் சத்தத்துக்கும் அதன் பசி மாறுகிறது.

கடைசியில் 7806 என்ற மூன்று கால் சீராக்கியை வாங்கினேன். உள்ளே 8 வோல்ற்றுக்கு மேல் 35 வரை எது வந்தாலும் வெளியே 6 கொடுக்கும். சுமைக்கேற்பத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். உள்வாயிலில் 0.33, வெளிவாயிலில் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவிகள் (கெப்பாசிற்றர்கள்), பற்றரியின் நேர் முனைக்கு அருகிலேயே 1 அம்பியர் உருகி. இதைக் கட்ட உண்மையிலேயே பத்து நிமிடம்தான் ஆனது. 60 மில்லி அம்பியரில் இது வீணாக்குவது 0.4 வாற்றுதான், கையால் தொட்டால் இளஞ்சூடு. ஒரு தவறு மட்டும் செய்தேன்: வானொலியின் சொந்த ஆளியை (சுவிட்சை) நம்பி விட்டதால், பெட்டி நின்ற பிறகும் சீராக்கி தனக்கென்று சுமார் 5 மில்லி அம்பியரை இரவு பகலாக எடுத்துக்கொண்டிருந்தது. ஆளியைச் சீராக்கிக்கு முன்னால் மாற்றி வைத்த பிறகு அது நின்றது.

மாற்றாக, நண்பர் ஒருவர் கொடுத்த ஆளியிடும் வகைச் சீராக்கியையும் முயன்றேன். பக் கன்வேட்டர் என்று கடைகளில் சொல்வார்கள். செலவில் அதுதான் சிக்கனம். ஆனால் அப்பா இரவில் கேட்பது மத்திய அலையில் வரும் திருச்சி வானொலி. அந்தச் சீராக்கி வினாடிக்கு 150 ஆயிரம் தடவை ஆளியிடுவதால், அதன் மடங்குகள் 600, 750, 900 கிலோஹேர்ட்ஸ் என்று மத்திய அலை வரிசைக்குள்ளேயே வந்து விழுகின்றன. பாட்டுக்கு மேல் வண்டு இரைவதுபோல ஓர் ஓசை. இரண்டாம் நாளே கழற்றி வைத்தேன்.

அப்படியானால் அந்த இரண்டு தடையிச் சுற்று எதற்குமே ஆகாதா என்ற கேள்வி எஞ்சியது. அதற்கு விடை, தண்ணீரைக் குடிக்காத மானிதான். பற்றரி எந்த அளவில் இருக்கிறது என்று எந்நேரமும் காட்ட, நிரல் எழுதி ஏற்றக்கூடிய சிறிய மின்சுற்றுப் பலகையான ஆர்டுயினோ நானோ ஒன்றைப் பொருத்த நினைத்தேன். அது 5 வோல்ற்றுக்கு மேல் அளக்காது. மேலே போனால் பழுதாகிவிடும். சூரியப் பலகை சார்ஜ் செய்யும்போது பற்றரி 14.4 வரை போகும். ஆகவே 15ஐ 5க்குள் அடக்க வேண்டும், மூன்றில் ஒன்று. 20 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் என்றால் பொருத்தம். ஆனால் சாதாரணக் கடைகளில் 10, 12, 15, 18, 22, 27 என்று, ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு கூடியதாக, அந்த வரிசைதான் கிடைக்கும். 22 மேலே, 10 கீழே என்று வைத்தேன். 15 வோல்ற் வந்தாலும் சந்தியில் 4.69 தான். பற்றரியிலிருந்து போவது 0.4 மில்லி அம்பியர், ஒரு நாளைக்கு 10 மில்லி அம்பியர் மணி கூட இல்லை. ஆர்டுயினோவின் உள்ளீடு மின்னோட்டம் எடுப்பதில்லை என்றே சொல்லலாம். ஆனால் அதற்குப் பின்னால் நிற்கும் தடை 10 கிலோ ஓமுக்குள் இருப்பது நல்லது, இல்லாவிட்டால் அதன் உள்ளே இருக்கும் சிறிய கொள்ளளவி நேரத்துக்கு நிறையாது. 22ம் 10ம் சமாந்தரமாக 6.9 கிலோ ஓம். பொருந்துகிறது.

செலவை இன்னும் குறைக்கலாமே என்று முதலில் 1 மெகா ஓம் இரண்டை வைத்துப் பரிசோதித்ததையும் சொல்ல வேண்டும். பாதி வோல்ற்றளவு 6.3 வர வேண்டிய இடத்தில் என் மஞ்சள் நிறப் பல்மானி 4.2 என்றது. தடையிகளைச் சந்தேகித்தேன், ஒட்டிய ஈயத்தைச் சந்தேகித்தேன். குற்றவாளி பல்மானியே. இந்த மலிவான மானிகளின் உள்தடை 1 மெகா ஓம். கீழ்த் தடையியோடு சமாந்தரமாகி அதை அரை மெகா ஓமாக்கிவிட்டது. 12.6ஐ ஒன்றரையில் அரைப் பங்கு என்றால் 4.2 சரியே. குடிக்காத மானி என்று மேலே எழுதியது முழு உண்மை அல்ல. கொஞ்சமாகக் குடிக்கும் மானி, அவ்வளவுதான்.

தடையிகளின் பொன் வளையத்தையும் மறக்கக் கூடாது. அது கூட்டியோ குறைத்தோ 5 வீதம் என்று சொல்கிறது. 22 குறைந்தும் 10 கூடியும் தவறினால், 12.6 வோல்ற் பற்றரியை ஆர்டுயினோ 13.5 என்று படிக்கும்; மாறித் தவறினால் 11.75 என்று படிக்கும். நிறைந்த பற்றரி செத்த பற்றரியாகத் தெரியும். ஆகவே கணக்கில் வந்த விகிதத்தை நிரலில் எழுதாமல், இரண்டு தடையிகளையும் தனித்தனியே அளந்து, அந்த எண்களையே எழுதினேன். நிற வளையங்களை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசிக்க முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பழுப்பு, சிவப்பு, செம்மஞ்சள் மூன்றும் அந்த வெளிச்சத்தில் அண்ணன் தம்பிகள். 22 கிலோ ஓம் என்று நினைத்து 2.2 கிலோ ஓமை வைத்தால் நானோவின் காலுக்கு 10 வோல்ற்றுக்கு மேல் போகும். அதற்காகவும், கீழ்த் தடையியின் ஒட்டு விட்டுப்போனால் முழு வோல்ற்றளவும் ஏறிவிடும் என்பதற்காகவும், சந்தியிலிருந்து மறை முனைக்கு அந்த அளவுக்கு மேல் ஏறவிடாத 5.1 வோல்ற் செனர் இருவாயி ஒன்றைக் குறுக்கே வைத்திருக்கிறேன்.

இதை வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி, "வீட்டுக் கரண்டையே இப்பிடி இறக்கினா என்ன சேர்?" என்று கேட்டாள். 230 வோல்ற்றை இந்த முறையில் ஒருபோதும் இறக்கக் கூடாது. வெறும் 100 மில்லி அம்பியருக்கே 22 வாற்று வெப்பம் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், தடையி எதையும் பிரித்து வைப்பதில்லை: சந்தியில் 6 வோல்ற் என்று மானி சொன்னாலும் அந்தக் கம்பி வீதியில் ஓடும் மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது, கீழ்த் தடையி அறுந்தால் தொடுபவரின் கைக்கு வருவது 230. அங்கே நிலைமாற்றிதான் (டிரான்ஸ்போமர்தான்) வேண்டும். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து பாடத்தில் சந்தியோடு சுமையாக ஒரு மின்குமிழையும் சேர்த்தே வரைகிறேன்.

எங்கள் வாசலில் நின்றால் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். அதன் தண்ணீர் விமலசுரேந்திர மின் நிலையத்துக்கு இறங்குகிறது. அந்த உயர வேறுபாடே நாட்டுக்கு மின்சாரம். அதைப் பார்த்துக்கொண்டு அப்பா ஒவ்வொரு மாலையும் ஆர்டுயினோவோடு இணைத்த சிறிய திரையில் எண்ணைப் படிக்கிறார். 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் திருச்சியை நிறுத்திவிட வேண்டும் என்று அவருக்கு மட்டும் விளங்கும்படி ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். சுற்று இப்போது ஒரு தேயிலைத் தூள் டின்னுக்குள், தகரத்தில் படாதபடி அட்டை சுற்றி, இருக்கிறது. ஜூன் மாதப் பனிமூட்டத்தில் சுற்றுப் பலகையெல்லாம் ஈரமாகி எண் தடுமாறுகிறதா என்று பார்த்துவிட்டு, தேவையானால் மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடிக்க வேண்டும்.